கூடுதலாகக் கொடுப்போமா?
கமுந்திங்கில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தையோ சமயத்தையோ எதிர்பார்த்து வருவது நம் வழக்கம். இன்று நான் கரண்டு பில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சூரியன், நீர், காற்று, தாவரக் கழிவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரத்துக்கு நம் குடும்பங்கள் சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுக்க முன்வருமா? இதுதான் கேள்வி. பொருளாதார ஆய்வாளர்கள் பல நாடுகளில் இதைக் கேட்டு வருகிறார்கள். மலேசியாவிலும் கேட்கிறார்கள்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மக்களிடம் கொடுக்கும் மனம் உண்டு. அதற்கான சான்று இந்தப் பேராக் மண்ணிலேயே இருக்கிறது. ஆனால் கணக்குத் தெரியாத இடத்தில் அந்த மனம் சுருங்கும். கொடுத்தவருக்குப் பங்கு இல்லாத இடத்தில் இன்னும் சுருங்கும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் வீடு வீடாகப் போய் "கொடுப்பீர்களா?" என்று கேட்பதில் பயன் குறைவு.

1. நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்

உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடாக இருந்தால், கீழே ஒரு வரி இருக்கும்: கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி என்று பொருள். அதற்கு எதிரே ஒரு தொகை இருக்கும்.

2011-இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு சேடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் தோன்றியது. டிசம்பர் மாதம் முதல், மின்கட்டணத்தில் 1 விழுக்காடு இந்த நிதிக்காகப் பிடிக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அது 1.6 விழுக்காடானது. மாதம் 300 யூனிட் அல்லது அதற்குக் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு.

2025 ஜூன் வரை நடப்பில் இருந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், அதற்கு மேல் 600 வரை 51.6 சென். 300 யூனிட் எரித்த வீட்டுக்கு 77 ரிங்கிட் பில். நிதிக்கு ஒன்றுமில்லை. 400 யூனிட் எரித்த வீட்டுக்கு 128 ரிங்கிட் 60 சென். நிதிக்கு 2 ரிங்கிட் 6 சென். 600-க்கு மேல் விகிதம் இன்னும் கூடியதால், 800 யூனிட் எரித்த வீட்டுக்கு 341 ரிங்கிட். நிதிக்கு 5 ரிங்கிட் 46 சென்.

ஆக, குளிர்சாதனமும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள ஒரு சராசரி தாமான் வீடு, பத்தாண்டுக்கு மேலாக மாதம் இரண்டு மூன்று ரிங்கிட் பசுமை மின்சாரத்துக்காகக் கொடுத்து வந்திருக்கிறது. யாரும் அந்த வீட்டைக் கேட்கவில்லை. கொடுத்ததற்கு யாரும் நன்றி சொல்லவும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்குக் கொடுப்பதே தெரியாது. "சோலாருக்கு மாசம் ரெண்டு வெள்ளி கூடக் கட்டுவீங்களா?" என்று கேட்டால், "ஏற்கெனவே பில் ஏறிக் கெடக்குது, இது வேறயா?" என்று பதில் வரும். அந்த இரண்டு வெள்ளி போய்க்கொண்டிருக்கிறது என்பதை அறியாமலேயே மறுக்கிறார்கள். கேட்டு வாங்கியிருந்தால் உறவு வளர்ந்திருக்கும். கேட்காமல் பிடித்ததில் பணம் வந்தது, நம்பிக்கை வரவில்லை.

2. எதைவிடக் கூடுதல்?

'கூடுதல்' என்று சொல்லும்போது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். நாம் ஒப்பிட்டு வந்தது 21.8 சென்னோடு. ஆனால் 2022 முதல் 2024 வரை தீபகற்பத்தின் சராசரி அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 39.95 சென். சிறு பயனீட்டாளரின் மின்சாரம் அதில் ஏறத்தாழப் பாதி விலைக்கே போய்ச் சேர்ந்தது. இது ஏழைக் குடும்பங்களுக்கு நல்லது. அது தொடர வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் இந்தச் சலுகை விலை நம் மனத்தில் மின்சாரத்தின் உண்மை விலையாகப் பதிந்துவிட்டது.

நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதை எரிக்கும் பெரிய நிலையங்களுள் ஒன்று நம் மாநிலத்திலேயே, மஞ்சோங் கடற்கரையில், லெக்கிர் அருகே இருக்கிறது. சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் என்று பெயர். 700 மெகாவாட் அளவில் மூன்று உலைகளோடு தொடங்கி, பிறகு 1,000 மெகாவாட் அளவில் இரண்டு சேர்ந்தன.

2022-இல் உக்ரேன் போர் மூண்டபோது நிலக்கரி விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அந்த விலையேற்றம் நம் வீட்டு பில்லில் வரவில்லை. அரசாங்கம் தாங்கிக்கொண்டது. 2023-இன் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,076 கோடி ரிங்கிட் அதற்கு ஒதுக்கப்பட்டது. அது யார் பணம்? நம் பணம்தான். பில் வழியாக வராமல் வரி வழியாகப் போயிற்று. பசுமை மின்சாரத்துக்கு இரண்டு வெள்ளி என்பது ரசீதில் தனி வரியாக அச்சாகிறது. நிலக்கரிக்குக் கொடுத்தது எந்த ரசீதிலும் இல்லை. ஒன்றின் செலவைக் காட்டி, மற்றதன் செலவை மறைத்துவிட்டு, "எது மலிவு?" என்று மக்களைக் கேட்டால் விடை எப்படி நேர்மையாக இருக்கும்?

2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பு மாறியிருக்கிறது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், மின்திறன் கட்டணம் 4.55 சென், கம்பித்தடக் கட்டணம் 12.85 சென் என்று பிரித்துக் காட்டப்படுகிறது. 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கனச் சலுகையும் உண்டு. மூன்றையும் கூட்டினால் 44.43 சென். சலுகைக்கு முன் உண்மை விலை இதுதான் என்று ரசீதே இப்போது சொல்கிறது. இதை நான் வரவேற்கிறேன். விலை தெரிந்த பிறகுதான் விருப்பத்தைப் பற்றிப் பேச முடியும்.

3. கேட்கும் முறையில் உள்ள சிக்கல்

சந்தையில் விற்காத ஒன்றுக்கு மக்கள் என்ன விலை தருவார்கள் என்று அறிய, பொருளாதாரத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒரு நிலையைச் சொல்லி, அதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பது. 1989-இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியது. அந்த இழப்பை எப்படி மதிப்பிடுவது என்ற வழக்கில் இந்த முறை பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரும் தலைமை தாங்கிய குழு 1993-இல் அறிக்கை தந்தது. எவ்வளவு தருவீர்கள் என்று திறந்து கேட்காதீர்கள். இவ்வளவு ஆகும், ஆம் என்பீர்களா இல்லை என்பீர்களா என்று வாக்கெடுப்புப் போலக் கேளுங்கள். இந்தப் பணத்தைக் கொடுத்தால் வேறு செலவுக்குக் குறையும் என்பதையும் நினைவூட்டுங்கள் என்று அது பரிந்துரைத்தது.

இத்தனை கவனத்தோடு கேட்டாலும் மூன்று சிக்கல்கள் நம் ஊரில் எழும்.

முதலாவது, வாயால் தரும் பணம். கேட்பவர் படித்த பிள்ளை, பல்கலைக்கழக அட்டை மாட்டியிருக்கிறார். அவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். "அஞ்சு வெள்ளி தரலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பில்லில் ஏறினால் கதை வேறு.

இரண்டாவது, கோபத்தில் சொல்லும் சுழியம். "ஒரு சென்னும் தர மாட்டேன்" என்பவர்கள் எல்லாரும் பசுமை மின்சாரம் வேண்டாதவர்கள் அல்லர். "புகை விடுறது பெரிய பெரிய கம்பெனி, காசு கட்டுறது நானா?" என்று கேட்பவரின் சுழியத்தில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. அதை விருப்பமின்மை என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் ஆய்வு தவறும்.

மூன்றாவது, வீட்டுக்குள் யாரைக் கேட்பது? பில் அப்பா பெயரில் வரும். அடுப்படியும் துணியும் அம்மா கையில். குளிர்சாதனம் பிள்ளைகள் அறையில். பணம் கட்டுவது ஒருவேளை சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகன், கைப்பேசி வழியாக. வாடகை வீடு என்றால் கூரை வேறொருவருடையது. இதில் 'குடும்பத்தின் விருப்பம்' என்று ஒற்றை எண்ணைப் பிடிப்பது எளிதல்ல.

வாய்ச்சொல்லை விட்டுச் செயலைப் பார்ப்போம். நமக்கு மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனம் மைகிரீன் பிளஸ் என்ற திட்டத்தில், 100 யூனிட் கட்டுக்கு 8 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் அந்த அளவு பசுமை மின்சாரம் உங்கள் கணக்கில் சேரும் என்று அறிவித்தது. பிறகு 2021 இறுதியில் அரசு பசுமை மின்கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. யூனிட்டுக்கு 3.7 சென் கூடுதல். 400 யூனிட் வீடு முழுவதும் பசுமைக்கு மாற மாதம் 14 ரிங்கிட் 80 சென். (அதன் பின் இந்த விலை மாறியிருக்கிறது.) முதல் ஒதுக்கீடு 4,500 கிகாவாட் மணி. அதில் பெரும்பகுதியை வாங்கியவை வீடுகள் அல்ல, நிறுவனங்கள். ஏன்? ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் "பசுமை மின்சாரத்தில் செய்த பொருளா?" என்று கேட்கிறார். சான்றிதழ் காட்டினால் ஆர்டர் கிடைக்கிறது. கொடுத்ததற்குப் பலன் கையில் வருகிறது. வீட்டுக்கு என்ன வருகிறது? அதே கம்பி, அதே விளக்கு, கூடுதல் பில். இந்த இடத்தில் தொழிற்சாலை முதலாளியை நல்லவர் என்றும் குடும்பத் தலைவியைச் சுயநலக்காரர் என்றும் யாராவது முடிவு கட்டினால், அவர் கணக்கையே பார்க்கவில்லை.

4. பேராக்கின் பத்து வெள்ளி

நம் மக்கள் நெடுநாள் நன்மைக்காகக் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் சுங்கை சிப்புட்டைக் காட்டுவேன். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். மலாயா விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. லயங்களிலிருந்து தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். பால் வெட்டுபவர்கள் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு பல தோட்டங்கள்.

அன்றைய தோட்டக் கூலிக்குப் பத்து வெள்ளி என்பது பெரிய பணம். அதைக் கொடுத்தவர்கள் எந்த ஆய்விலும் 'குறைந்த வருமானப் பிரிவு' என்றுதான் பதிவாகியிருப்பார்கள். அவர்களிடம் போய், "தோட்டத் துண்டாடலைத் தடுக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?" என்று தாளைக் கொடுத்துக் கேட்டிருந்தால், ஐம்பது சென் என்று எழுதியிருக்கலாம். சம்பந்தன் அப்படிக் கேட்கவில்லை. இவ்வளவு பணம், இந்த நிலம், உன் பெயரில் ஒரு பங்கு என்றார். 1950-களில் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்காகத் தமிழ் எங்கள் உயிர் நிதியைத் திரட்டியபோதும் இதுதான் நடந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளி. எதற்கு என்பது தெளிவு. எல்லாரும் ஒரே அளவு. யாருடைய வெள்ளி எங்கே போயிற்று என்பதைப் பத்திரிகையில் படிக்கலாம்.

விருப்பம் என்பது மனத்துக்குள் இருந்து அளவெடுக்கக் காத்திருக்கும் பொருளல்ல. நல்ல ஏற்பாடு அதை உண்டாக்குகிறது. மோசமான ஏற்பாடு அதைக் கொன்றுவிடுகிறது.

5. கொடுத்தவர் யார், பெற்றவர் யார்?

இப்போது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்து மின்சாரத்தைத் தெனாகாவுக்கு விற்றவர்களுக்கு, 2011-இல் தொடங்கிய திட்டத்தில் 4 கிலோவாட் வரை யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 23 சென் விலை. 21 ஆண்டுக்கு உறுதி. மாதம் 400 யூனிட் கிடைத்தால் 492 ரிங்கிட். அதில் வழக்கமான விலையைத் தெனாகா தரும். மிச்சம் நாம் கட்டிய நிதியிலிருந்து. அந்த மிச்சத்தைத் திரட்ட, மாதம் இரண்டு ரிங்கிட் கட்டும் வீடுகள் நூற்றுக்கு மேல் வேண்டும்.

அன்று தகடு வைக்கப் பல பத்தாயிரம் ரிங்கிட் முதலீடு தேவைப்பட்டது. சொந்தத் தரைவீடும் வங்கிக் கடன் தகுதியும் இருந்தவர்களால்தான் முடிந்தது. அடுக்குமாடி மலிவுவிலை வீட்டுக்காரருக்குக் கூரை இல்லை. வாடகைக்காரருக்கு உரிமை இல்லை. தோட்டத்திலிருந்து வெளியேறி நகரோரத்தில் குடியேறிய குடும்பத்துக்குக் கையிருப்பு இல்லை. கொடுத்தவர்கள் பரவலாக இருந்தார்கள், பெற்றவர்கள் ஒரு சிறு பகுதி.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்வது மட்டும் என் நோக்கமல்ல. அன்று நல்ல விலை கொடுத்ததால்தான் தகடு பொருத்தும் தொழிலாளர்களும் நிறுவனங்களும் இங்கே வளர்ந்தார்கள். உலகெங்கும் இப்படித் தொடக்கத்தில் கொடுத்த பணம்தான் தகட்டின் விலையைச் சரித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான விகிதமும் ஆண்டுதோறும் குறைக்கப்பட்டது. 2019 முதல், தந்த யூனிட்டுக்கு எடுத்த யூனிட் ஈடு என்ற நிகர அளவீட்டு முறை வந்தது. 2024-இல் சோலாரிஸ் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட், அதிகம் 4,000 ரிங்கிட் வரை கழிவு கிடைத்தது. 2026 தொடக்கத்தில் சோலார் அதாப் என்ற அடுத்த திட்டம் வந்திருக்கிறது. எல்லாம் நல்லவையே. ஆனால் எல்லாவற்றுக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றுதான்: சொந்தக் கூரை.

300 யூனிட் வரம்பிலும் ஒரு கோணல் உண்டு. அது வருமானத்தை அளக்கவில்லை, பயன்பாட்டை அளக்கிறது. மலிவுவிலை வீட்டில் தாத்தா, பாட்டி, இரு மகன்கள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர் இருந்தால் 300 எளிதில் தாண்டும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இரவு எட்டு மணி நேரம் ஓடினாலே மாதம் 180 யூனிட்டை நெருங்கும். அந்தக் குடும்பம் நிதிக்குப் பணம் கட்டுகிறது. தனியாகக் கொண்டோமினியத்தில் வாழும் உயர் சம்பளக்காரர், பகலெல்லாம் அலுவலகக் குளிரில் இருந்துவிட்டு, 250 யூனிட்டோடு விலக்குப் பெறுகிறார். தலைக்கு எத்தனை யூனிட் என்று பார்த்தால் நியாயம் தலைகீழாகிறது.

பசுமை என்பதற்காகவும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. பேராக் ஆற்றில் 1930-இல் இயங்கத் தொடங்கிய சென்டெரோ அணை, கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தது. அந்தக் கம்பிகள் தோட்ட லயங்களுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் பெற்றோர் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். பிறகு தோட்ட ஜெனரேட்டர் இரவு சில மணி நேரம் ஓடியது. 1970-களில் எழுந்த தெமெங்கோர் அணைக்காக மேல் பேராக்கின் ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் ஊர்களை விட்டு இடம் மாற்றப்பட்டார்கள். அவர்கள் கொடுத்த விலையை எந்த ஆய்வும் சென்னில் கேட்கவில்லை. தூய மின்சாரமும் யாரோ ஒருவர் தலையில் ஏறக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

6. இரண்டு அயலூர்ப் பாடங்கள்

ஜெர்மனியில் 2000-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. 2004-இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூர்கன் டிரிட்டின், அதற்காக மின்கட்டணத்தில் சேரும் கூடுதல் கட்டணம் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஓர் ஐஸ்கிரீம் விலைதான் ஆகும் என்று சொன்னார். 2017-இல் அந்தக் கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென் ஆனது. ஆண்டுக்கு 3,500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 240 யூரோ, அதாவது மாதம் 20 யூரோ. மின்சாரம் மிகுதியாகப் பயன்படுத்தும் பெருந்தொழில்களுக்கு விரிவான சலுகை இருந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள். இறுதியில் 2022 ஜூலையில் அந்தக் கட்டணமே பில்லிலிருந்து நீக்கப்பட்டு, செலவு அரசின் வரவுசெலவுக்கு மாற்றப்பட்டது. அமைச்சர் சொன்ன ஐஸ்கிரீமை அந்நாட்டார் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். குறைத்துச் சொல்லி வாங்கிய ஒப்புதல் நிலைக்காது.

அதே நாட்டில் இன்னொரு சோதனை. எபெலிங், லாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 42,000 குடும்பங்களை வைத்துச் செய்து, 2015-இல் வெளியிட்டார்கள். மின்சார நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு சாராருக்குப் பசுமை மின்சாரம் வேண்டுமானால் கட்டத்தில் குறியிட வேண்டும். மறு சாராருக்குக் குறி ஏற்கெனவே இடப்பட்டிருக்கும், வேண்டாமென்றால் நீக்கலாம். ஒப்பந்தம் செய்தவர்களில் முதல் சாராரில் 7 விழுக்காட்டினர் பசுமையைத் தேர்ந்தார்கள். இரண்டாம் சாராரில் 69 விழுக்காடு. விலை ஒன்று, மக்கள் ஒரே மாதிரி, கேட்ட விதம் மட்டும் வேறு. விருப்பம் ஏற்பாட்டைப் பொறுத்தது என்று நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனாலும் கேட்காமல் குறியிட்டு வைப்பதை நான் நம் ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கேட்காமல் பிடித்ததன் விளைவைத்தான் முதலில் பார்த்தோம்.

நான் பரிந்துரைக்கும் பாடம் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி. 2006-இல் அந்தச் சிற்றூர், ஊராட்சித் தலைவர் சண்முகம் தலைமையில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சிச் சேமிப்பு ஒரு பகுதி, வங்கிக் கடன் மறுபகுதி. காற்றாலையை நட்டது வேறிடத்தில், காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஊருக்குத் தேவையானது போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, கடனை அடைத்தார்கள். இதில் தனி வீட்டின் கூரையும் தேவைப்படவில்லை, கைக்காசும் தேவைப்படவில்லை. ஊர் பொதுவாகக் கடன் பட்டது, ஊர் பொதுவாக வருமானம் பெற்றது.

7. கமுந்திங்கில் செய்யக்கூடியது

தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. பிற்பகல் மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டிய ஊர் இது. "இங்க சோலார் ஓடுமா?" என்ற கேள்வி நியாயமானது. ஓடும். காலை வெயில் நமக்கும் உண்டு; மேகமூட்டத்திலும் தகடு குறைந்த அளவில் இயங்கும். வறண்ட வடக்கைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றம் இராது.

புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு மரம் தரும் மாத்தாங் சதுப்புக் காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டேர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பேணப்பட்டு வருகிறது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டுகிறார்கள், மறுபடி நடுகிறார்கள். நூறாண்டு தாண்டியும் காடு இருக்கிறது. கணக்கு வைத்து எடுத்ததால் அது நிலைத்தது.

என் யோசனைகள் நான்கு.

ஒன்று, அரசிடம். நிதிக்குப் பிடிக்கும் 1.6 விழுக்காட்டுக்கு எதிரே, அந்த ஆண்டில் நிதிக்கு வந்தது எவ்வளவு, எத்தனை வீடுகளுக்கும் நிலையங்களுக்கும் போயிற்று என்பதை ரசீதிலேயே எல்லா மொழிகளிலும் அச்சிட வேண்டும்.

இரண்டு, விலக்கு வரம்பு. 300 யூனிட் என்ற ஒற்றைக் கோட்டோடு நிற்காமல், வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையையும் வருமானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு மின்கட்டணக் கழிவு கொடுக்க இ-காசே என்ற ஏழைக் குடும்பப் பதிவேட்டை அரசு ஏற்கெனவே பயன்படுத்துகிறது. அதே பதிவேடு இதற்கும் உதவும்.

மூன்று, நம் பொது நிறுவனங்கள். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி, பாலர்பள்ளி, சங்கக் கட்டடம் ஆகியவற்றுக்குக் கூரை இருக்கிறது. பள்ளி பகலில்தான் இயங்குகிறது. சூரிய மின்சாரமும் பகலில்தான் வருகிறது. தகடு முதலில் ஏற வேண்டிய இடம் அதுவே.

நான்கு, பணம். 200 குடும்பங்கள் மாதம் 10 ரிங்கிட் வீதம் ஓராண்டு கட்டினால் 24,000 ரிங்கிட் சேரும். இன்றைய விலையில் 5 கிலோவாட் அளவில் ஒரு கூரைக்குப் போதுமான தொகை. மிச்சமாகும் மின்கட்டணத்தைச் செலவழித்துவிடாமல் நிதியிலேயே சேர்த்தால், இரண்டாம் கூரைக்கு வழி பிறக்கும். இதைத் தனிநபர் பையில் நடத்தக் கூடாது. மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவு செய்த சங்கமாக, ஆண்டுக் கணக்கும் தணிக்கையும் உள்ளதாக நடத்த வேண்டும். கூரையே இல்லாத அடுக்குமாடிக் குடும்பமும் இதில் பங்குதாரர் ஆகலாம். வீட்டுக் கூரைகளை வாடகைக்கு எடுத்துத் திரட்டி, அருகில் உள்ளவர்களுக்கு மின்சாரம் தரும் கிரீம் திட்டத்தை 2025-இல் அரசு அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட வாய்ப்புகளைப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விட்டுவிடாமல் நம் கூட்டுறவுகளும் எட்டிப் பிடிக்க வேண்டும்.

பெரியோர்களே, 2050-க்குள் நிறுவப்பட்ட மின்திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2023-இல் அரசு வரைபடம் வகுத்திருக்கிறது. அதற்கான செலவு எப்படியும் நம்மிடம்தான் வரும், பில் வழியாகவோ வரி வழியாகவோ. நாம் கொடுப்போமா என்பது முடிந்துபோன கேள்வி. தெரிந்து கொடுக்கிறோமா, பங்கோடு கொடுக்கிறோமா என்பதே மிச்சம் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாத மின்கட்டண ரசீதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அடுத்த கோயில் நிர்வாகக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் கூரையைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். பத்து வெள்ளியில் ஒரு பள்ளிக்கூரையில் சூரியத் தகடு ஏற்றுவது நம்மால் முடியாத காரியமல்ல.